சிரஸ்தார் வீட்டு இடைவெளி

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, டவுன் பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால், ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே வீடு கட்டிக்கொண்டு வாழ்கிற இளைப்பாறு நகரில், ஒரு வைகாசி மாதத்து விடிகாலையில், கோர்ட்டில் சிரஸ்தாராக, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவராக, இருந்து ஓய்வுபெற்ற நெல்லைநாயகம் குளியலறைக்குப் போகிற வழியில் வேட்டி தடுக்கிச் சாய்ந்தார். சாய்ந்தவர் தரைக்கு முழங்கால் உயரம் இருக்கும்போதே நின்றுபோய், அந்தரத்தில் அப்படியே குறட்டை விட ஆரம்பித்தார்.

அவர் மனைவி பிரமநாயகி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். இடது காலின் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, வலது கால் வேட்டிக்குள் சிக்கி மேலே நின்றது, இடுப்பெலும்பு, நடுக்கூடத்தை ஒட்டிய குளியலறையின் வாசலில் உயர்த்திப் பதித்திருந்த கருங்கல் படிக்கு நேர் மேலே இருந்தது. நாற்பத்தைந்து வருஷமாக ஒரு காரியத்தையாவது முழுசாகச் செய்து முடிக்காத மனிதர் விழுவதையும் பாதியில் விட்டுவிட்டாரே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதன் பிறகே நெஞ்சு அடித்துக்கொண்டது.

இளைப்பாறு நகரில் இது நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கதவைச் சாத்தி வெயில் சாயும் மட்டும் தூங்குவார்கள், முகம் வீங்கி எழுந்து, பிளாஸ்க் நிறைய டிகாஷன் காப்பியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய், இருட்டும் வரை மருமகள்களைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு டி.வி. பார்ப்பார்கள், பிறகு கட்டிலில் மல்லாந்து ஃபேனைப் பார்த்தபடி தூக்கம் வரவில்லையே என்று வியப்பார்கள். எந்தக் காலத்திலோ எந்த டாக்டரோ யாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை அதற்குப் பிறகு காம்பவுண்டுச் சுவருக்கு மேலே, உறை மோர் இரவல் வாங்குவதுபோல, டம்ளரில் போட்டு வீடு வீடாகக் கைமாறும். யாருடைய மாத்திரை யார் வயிற்றுக்குள் போகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வது அநாகரிகம் என்றும் நினைத்தார்கள். "எனக்கெல்லாம் ஒண்ணு பத்தாது வே" என்று ஓர் ஆண் பூங்காவில் சொன்னால், மற்றவர்கள் அவருடைய பதவி உயர்வைக் கேட்டவர்கள்போலப் பொறாமையாகப் பார்ப்பார்கள். விடிகாலையில் அந்த மயக்கம் தெளியாமலேயே எழுந்து, பிள்ளைகள் பணம் அனுப்பிப் போட்ட, முகம் பார்த்துத் தலை சீவலாம் போன்ற வழவழப்பான டைல்ஸ் தரையில், ஒன்றையும் பிடிக்காமல், விளக்கும் போடாமல் நடப்பார்கள். விழுவார்கள். விழுந்தவரை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போகிறவர்கள் கிரகம் என்பார்கள், கண்ணேறு என்பார்கள். ஒருவர்கூட மாத்திரை என்றோ தரை என்றோ சொன்னதில்லை.

பிரமநாயகி சொன்னாள். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போனவள் அவள். குளியலறையில் மாட்ட ஒரு கைப்பிடிக் கம்பி வாங்கி வந்து, பிளம்பரையும் கூட்டிவந்தாள். நெல்லைநாயகம் அவனை வாசலிலேயே நிறுத்தி, "கம்பியப் பிடிச்சு நிக்க நான் என்ன ஜெயில்லயா கெடக்கேன்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். கைத்தடி வாங்கிவைத்தபோது, தடி ஊன்றினால் கோர்ட்டு வாசலில் நிற்கிற டவாலிகூட மதிக்க மாட்டான் என்றார். கோர்ட்டை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது, டவாலியும் செத்துப்போயிருந்தான்.

அவருடைய அம்மா இதே மாதிரி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, பீத்துணி அலசியதும், புரட்டிப் படுக்கவைத்து முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போட்டதும், ராத்திரியும் பகலும் "ஏட்டி, ஏட்டி" என்ற குரலுக்கு ஓடியதும் பிரமநாயகிதான். அந்த வருஷங்களில் நெல்லைநாயகம் தினமும் அறை வாசலில் நின்று, "அம்மா சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். அதனால் அந்தரத்தில் நின்ற அந்த இடுப்பையும், கீழே காத்திருந்த கருங்கல்லையும் பார்த்தபோது, நடுவில் இருந்த இடைவெளியில் மிச்சமிருந்த தன் ஆயுசு முழுவதையும் அவள் பார்த்தாள். கிழவர் விழித்தால் விழுவார், விழுந்தால் முறியும், முறிந்தால் அந்த "ஏட்டி" மறுபடியும் ஆரம்பிக்கும்.

ஏன் நின்றார் என்பதைக் காலனி காலைக் காப்பிக்குள்ளேயே பேசி முடித்துவிட்டது. விழுந்துகொண்டிருந்தவரைத் தரைக்கு முன்னால் தூக்கம் எட்டிப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். கல்லூரியில் இயற்பியல் நடத்திய ஒருவர் மட்டும் ஏதோ விளக்க வந்தார். அவருக்கு ஒரு வடை கொடுத்து உட்காரவைத்தார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆவுடையப்பன், ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராக இருந்து ஊரையே அசெம்ப்ளியில் நிற்கவைத்துப் பழகியவர், வந்து இடுப்பில் கைவைத்து நெல்லைநாயகத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். குனிந்து, இடைவெளிக்குள் தன் கையை விட்டு எடுத்தார். "நம்ம நகர்ல ஆம்பளைக விழ மாட்டாவன்னு இனிமே தைரியமாச் சொல்லலாம்" என்றார். அன்றைக்கே உத்தரவுகள் வந்தன: அந்தத் தெருவில் யாரும் ஹாரன் அடிக்கக்கூடாது, குக்கர் விசில் விடக்கூடாது, சிரஸ்தார் வீட்டுக்குள் செருப்போடு வரக்கூடாது, அவரை யாரும் தொடக்கூடாது.

அதற்குப் பிறகு வந்தார்கள். களக்காட்டிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கிவந்து காட்டினார்கள், இடைவெளி வழியாகக் குனிந்து அந்தப் பக்கம் நிற்கிறவரைப் பார்த்துச் சிரித்தார்கள், வெள்ளை டைல்ஸில் தெரிந்த கிழவரின் பிம்பத்தை ஃபோனில் படம் பிடித்தார்கள். பெருவிரலுக்குப் பக்கத்தில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மறுநாள் குங்குமம் வந்தது. பிரமநாயகி காலையும் மாலையும் வழக்கம்போல வீட்டைப் பெருக்கினாள்; கணவருக்குக் கீழேயும் வாரியலை விட்டுப் பெருக்கி, எலுமிச்சம்பழத்தைக் குப்பையோடு தள்ளினாள். ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்து, கரண்டியால் உதட்டில் பால் விட்டாள். எறும்பு ஏறாமலிருக்கப் பெருவிரலைச் சுற்றி மஞ்சள்பொடிக் கோடு போட்டாள். அதையும் வந்தவர்கள் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள்.

காலனி அதோடு நிற்கவில்லை. சிரஸ்தார் அன்று போட்டிருந்தது எந்த மாத்திரை என்று கேட்டு ஆண்கள் பிரமநாயகியை நச்சரித்தார்கள். அவளுக்குத் தெரியாது என்றதும், அகப்பட்ட எல்லா மாத்திரையிலும் ஒவ்வொன்று போட்டுக்கொண்டார்கள். விழுந்தாலும் விழ மாட்டோம் என்ற நம்பிக்கை வந்ததும், கைத்தடிகளைத் தோட்டத்தில் அவரைக்கொடிக்கு ஊன்றினார்கள், குளியலறையில் கம்பி மாட்டியிருந்த ஓரிரண்டு வீடுகளும் அதைக் கழற்றித் துண்டு காயப்போட்டன. அந்த மாதம் அதே காலனியில் வழுக்கிக் கை ஒடிந்தவர்கள் உண்டு, நெற்றி பிளந்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பக்குவம் போதாது என்று பூங்காவில் தீர்மானித்தார்கள்.

பிரமநாயகி கேட்டது ஒன்றே ஒன்று. கிழவருக்குக் கீழே இலவம்பஞ்சு மெத்தையைப் போட வேண்டும். மெத்தை போட்டுவிட்டு அவரை எழுப்பிவிட வேண்டும். மெல்போர்னில் இருந்த மகன் குற்றாலநாதனை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, ப்ளீஸ், டச் பண்ணாதீங்க. நான் இங்க ஒரு டாக்டர்ட்ட கேட்டிருக்கேன்."

"டாக்டர் வந்து பிடிப்பாராலே? மெத்தை போடணும். தூக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"அந்த மெத்தை பழசும்மா. வீடியோல நல்லாருக்காது. இங்க என் ஆபீஸ்லயே எல்லாரும் பாத்துட்டாங்க."

அவள் ஃபோனை வைத்துவிட்டு ஆவுடையப்பனிடம் போனாள். அவர் மாணவனின் லீவு லெட்டரைப் பார்க்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

"மெத்தை போட்டா இடைவெளி தெரியாது மைனி. சனங்க எதைப் பாக்க வாராவ?"

"முழிச்சா கீழ விழுவாவ அண்ணாச்சி. கீழ கல்லு இருக்கு."

"ஏன் முழிக்கணும்? இருபது வருஷமா ஒறக்கம் இல்ல ஒறக்கம் இல்லன்னு புலம்புன மனுசன், இப்பதான் நிம்மதியா ஒறங்குதாரு. ஒங்களுக்கு அது பொறுக்கலையோ?"

பூங்காவில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பிரமநாயகி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்: வீங்கிய கண்கள், மேலே கோடைக்கும் கழற்றாத மஃப்ளர், கீழே தேய்ந்து வழுவழுத்த ரப்பர் செருப்பு. இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் சாகப்போகிறோமா என்ற அருவருப்பு அவளுக்கு வந்தது. வீட்டுக்கு வந்தாள்.

உதவிக்கு வந்தது ஆவுடையப்பனின் மனைவி வடிவு. கூட்டத்தில் எங்கே நின்றாலும் யாருக்கோ பின்னால் நிற்கிறவள், புருஷன் பேசும்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் என்பதால் பிரமநாயகி அவளை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஒரு மதியம், காலனி முழுவதும் கதவைச் சாத்திக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வடிவு பின்வாசல் வழியாக வந்து, "வாங்க மைனி, ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். அவுக எந்திரிக்க நேரமாவும்" என்றாள்.

இரண்டு பெண்களும் மெத்தையை இழுத்தார்கள். நின்று மூச்சு வாங்கினார்கள், மறுபடி இழுத்தார்கள், வடிவின் சேலைத் தலைப்பு கதவில் மாட்டிக் கிழிந்தது. கடைசியில் கருங்கல் படியும் மூடும்படி மெத்தை போய்ச் சேர்ந்தது. மெத்தைக்கு மேலே கிழவர் ஒரு சாணில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்புங்க மைனி" என்றாள் வடிவு.

பிரமநாயகி வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். வீடு அமைதியாக இருந்தது. ஃபேன் சத்தம் கேட்டது, கொல்லையில் ஒரு அணில் கத்துவது கேட்டது. இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அவள் அணில் சத்தத்தைக் கேட்டதில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, காப்பி எங்கே, என் கண்ணாடியை எவ எடுத்தா, இந்த மெத்தை ஏன் இங்கே கிடக்கு என்று ஆரம்பிப்பார்.

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு எழுப்புவோமா?" என்றாள்.

வடிவு அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எல்லாம் புரிந்திருந்தது. இருவரும் அடுக்களைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்தார்கள், முறுக்கு தின்றார்கள். இரண்டாவது டம்ளர் காப்பியும் ஆனது. அந்தக் காப்பி இறங்குகிற நேரத்தில், அன்றைக்கென்று பார்த்துத் தூக்கம் கலைந்துவிட்ட ஆவுடையப்பன், டீ போட ஆள் இல்லாததால் மனைவியைத் தேடி வந்துவிட்டார்.

மெத்தையைப் பார்த்ததும் அவர் சத்தம் போடவில்லை; சத்தம் போடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வெளியே போய் நாலு பேரைக் கூட்டிவந்து மெத்தையை இழுத்து மாடிக்கு அனுப்பினார். பிறகு தெருவில் எல்லார் முன்னாலும் வடிவை நிற்கவைத்து, "கழுதைக்கு இருக்கிற வெவரம்கூட ஒனக்கு இல்லையே" என்று அடிக்குரலில் சொன்னார். வடிவு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரமநாயகி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஆனி பிறந்ததும் சங்கம் பாராட்டு விழா வைத்தது. நெல்லைநாயகத்துக்கு 'நிலைகுலையாச் செம்மல்' என்று பட்டம் கொடுப்பதாக ஃபிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டினார்கள். விழா நடுக்கூடத்தில், வாசலில் சாமியானா, நாற்காலி, மைக் செட்.

"மைக் செட்டா?" என்றாள் பிரமநாயகி. "குக்கர் விசில் வேண்டாம்னு சொன்னீயளே அண்ணாச்சி."

"இத்தன நாள் முழிக்காத மனுசன் இப்ப முழிக்கப் போறாராக்கும்" என்றார் ஆவுடையப்பன். "நீங்க போயி கேசரியப் பாருங்க மைனி. முந்திரி கம்மியா இருக்குன்னு சொல்லுதாவ."

விழா அன்று காலையிலேயே கூடம் நிறைந்துவிட்டது. எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவர் நெல்லைநாயகத்தின் பள்ளிப் பருவத்தைப் பற்றிப் பேசினார். அந்த ஆளுக்கு நெல்லைநாயகத்தைப் பழக்கமே கிடையாது. இன்னொருவர் கவிதை வாசித்தார். மைக் ஒருமுறை வீலென்று கத்தியது. கரண்டியோடு சுவரோரம் நின்ற பிரமநாயகி, கணவரின் மூடிய இமைக்குள் கண்மணி உருள்வதைப் பார்த்தாள். குறட்டை நின்றிருந்தது. நாற்பத்தைந்து வருஷம் அந்த மனிதர் விழிப்பதைப் பார்த்தவள் அவள்; முதலில் மூக்கு சுளிக்கும், பிறகு நாக்கு உதட்டைத் தடவும், அதற்குப் பிறகு கண் திறக்கும்.

மூக்கு சுளித்தது.

ஆவுடையப்பன் பொன்னாடையோடு வந்தார். சாய்ந்து தொங்குகிறவருக்கு எங்கே போர்த்துவது என்று பார்த்துவிட்டு, வயிற்றின்மேல் போட்டார். ஃபோன்காரர்கள், "சார், இடைவெளி தெரியுற மாதிரி" என்றார்கள். அவர் படிக்கு அருகில் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் இடைவெளியைக் காட்டி, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். கனத்த உடம்பு, பெருத்த, வெதுவெதுப்பான, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகப் பகலில் தூங்கிய உடம்பு.

நெல்லைநாயகத்தின் நாக்கு உதட்டைத் தடவியது.

பிரமநாயகி ஓரடி எடுத்து வைத்து, ஆவுடையப்பனின் தோளில் கையை வைத்துக் கல்லை நோக்கித் தள்ளினாள். கரண்டி இல்லாத கையால்தான் தள்ளினாள். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்தத் தரை அப்படிப்பட்ட தரை. அவர் சறுக்கிக்கொண்டு போய்க் கருங்கல் படியில் இடுப்பு மோதக் கிடந்தார். அவர் அலறுவதற்கு முன் நெல்லைநாயகம் கண்ணைத் திறந்து, வைகாசியில் விட்ட இடத்திலிருந்து விழுந்து, மெத்தென்று அவர்மேல் வந்து சேர்ந்தார்.

கூடம் முழுக்க ஃபோன்கள் உயர்ந்திருந்தன. ஆனால் ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் ஃபோனைத் திருப்பித் திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், படத்திலும் அவரவர் முகமே நிறைந்திருந்தது. அதனால் யாரும் ஒன்றும் பார்க்கவில்லை. செயலாளர் தன் உயிரையும் மதிக்காமல் பாய்ந்து சிரஸ்தாரைத் தாங்கிவிட்டார் என்று முதலில் ஒருவர் சொன்னார், பிறகு எல்லாரும் சொன்னார்கள், ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆவுடையப்பனே அதை நம்பிவிட்டார். பொன்னாடையை எடுத்து ஸ்ட்ரெச்சரில் அவருக்குப் போர்த்தினார்கள். சிரஸ்தார் தொங்கியதைப் பற்றி அடுத்த வாரமே யாரும் பேசவில்லை. விழுந்தவரைப் பிடித்தவர்தான் பெரிய ஆள் என்று தீர்மானமாகி, ஃபிளெக்ஸில் படத்தை மட்டும் மாற்றி ஒட்டினார்கள்.

நெல்லைநாயகம் எழுந்து உட்கார்ந்து, "காப்பி எங்க?" என்றார். சுற்றிலும் பார்த்து, "யாரு விழுந்தா?" என்றும் கேட்டார். பிளம்பர் வந்து கம்பியை மாட்டியபோது, ஜெயில் என்று ஆரம்பித்தார்.

"ஜெயில்தான்" என்றாள் பிரமநாயகி. "பிடிச்சுக்கிட்டுப் போங்க." அவர் பிடித்துக்கொண்டு போனார். மதியம் அவர் கண் சொருகும்போதெல்லாம் அவள் அவரை எழுப்பி, முருங்கைக்கீரை ஆயவைத்தாள். பத்து மணிக்குள் அவர் மாத்திரை இல்லாமலேயே தூங்கிப்போனார். பக்கத்துக் கட்டிலில் அவளும் தூங்கினாள்.

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு முற்பகலில் அவள் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். இடுப்பில் பிளேட் வைத்திருந்தார்கள். எலும்பு கூடுவது கஷ்டம், இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். வாசல்வரை டெட்டால் வாடை. ஹாலில் நாலைந்து பேர் ஹார்லிக்ஸ் பாட்டில்களோடு உட்கார்ந்து, அந்தப் பாய்ச்சலைப் பற்றி அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவு பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இந்தச் சில நாளில் கை வெளுத்து ஊறிப்போயிருந்தது. கதவில் கிழிந்த அதே சேலையைத் தைத்துக் கட்டியிருந்தாள்.

பிரமநாயகி தூக்குவாளியைத் துணி துவைக்கிற கல்மேல் வைத்தாள். அன்று கூடத்தில், எல்லாருக்கும் பின்னால், ஃபோன் இல்லாமல் வெறுங்கையோடு, நேரே பார்த்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் வடிவுதான்.

உள்ளேயிருந்து, "ஏட்டி!" என்று குரல் வந்தது.

வடிவு கையை உதறிக்கொண்டு எழுந்தாள். போகிறவள் நின்று, கோபம் ஒன்றும் இல்லாமல், அண்டை வீட்டாரைக் கேட்கிற சாதாரணக் குரலில், "நல்லா ஒறங்குனீயளா மைனி?" என்று கேட்டாள்.

காலனி முழுவதையும் மதிக்காமல் வாழ்ந்த பிரமநாயகிக்கு அந்தக் கேள்விக்கு ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒறங்கினேன் வடிவு" என்றாள். "விடிய விடிய ஒறங்கினேன்."

"ஏட்டி!" என்றது உள்ளே. வடிவு போனாள். பிரமநாயகி சேலையைச் செருகிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, ஊறிக் கிடந்த துணியை எடுத்து அலச ஆரம்பித்தாள்.